மண்ணுக்குள் வைத்த வெப்பத்துக்கு என்ன பெயர்?

மடல் 1
நண்பர்களே, கட்டடப் பொறியியல் பாடநூல் ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும், ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டேன். கோடை வெயிலில் பிடித்த வெப்பத்தை ஆழ்துளைக் குழாய்கள் வழியே மண்ணில் இறக்கி, குளிர்காலத்தில் எடுத்து வீட்டைச் சூடாக்கும் முறை. கனடாவின் ஒகோடோக்ஸில் 52 வீடுகளுக்காக 144 துளைகள் போட்டார்கள். 'நிலத்தடிப் பருவகால வெப்ப ஆற்றல் சேமிப்பு' என்று எழுதினேன். பக்கத்துக்கு எட்டு முறை வருகிறது, மூச்சு வாங்குகிறது. பேசாமல் 'புவிவெப்பம்' என்று போட்டுவிடவா?

மடல் 2
புவிவெப்பம் வேண்டவே வேண்டாம். அது பூமி தன் வயிற்றிலிருந்து தருவது. இது நாம் போட்டதை நாமே எடுப்பது. மண்ணில் வெப்பம் அரையாண்டுக்குச் சில மீட்டர்தான் நகரும், அந்தச் சோம்பலை நம்பித்தான் இந்த வேலையே நடக்கிறது. 'வெப்பக் குதிர்' எப்படி? விளைந்தபோது கொட்டி, இல்லாதபோது அள்ளுவது.

மடல் 3
குதிர் தரைமேல் நிற்பது, ஐயா. அச்சுப்பிழையில் 'கூதிர்' ஆனால் குளிர்காலமே வந்துவிடும். 'சேமிப்பு' சேமத்திலிருந்து வந்தது, வடசொல். 'பருவ'த்தையும் அகராதி 'பர்வன்' என்கிறது. 'பரு' என்ற தமிழ் வேர்தான் என்று என்னால் நிறுவ முடியும், அது தனி மடல். ஆண்டின் பருவங்களுக்கு நம் இலக்கணத்தில் 'பெரும்பொழுது' இருக்கிறதே! குறள் 226-இல் 'பொருள்வைப்புழி' வருகிறது. உழி என்றால் இடம். ஆக, 'பெரும்பொழுது வெப்பவைப்புழி'.

மடல் 4
வகுப்பில் நிற்பவள் நான். பெரும்பொழுது என்றால் 'நாள் முழுக்கவா, டீச்சர்?' என்பார்கள். வைப்புழியை 'வைப்புக்குழி' என்றே படிப்பார்கள். அப்புறம், நெதர்லாந்தில் மிகுதியாக இருப்பது நீர்த்தாங்கி வகை, அதாவது நிலத்தடி நீர் தங்கும் அடுக்கிலேயே வைப்பது. கோடையில் குளிர்ந்த கிணற்றிலிருந்து இறைத்துக் கட்டடத்தைக் குளிர்வித்து, சூடேறிய நீரை மற்ற கிணற்றில் விடுவார்கள். குளிர்காலத்தில் திசை மாறும். குளிர்ச்சியையும்தானே வைக்கிறார்கள்? வெறும் 'வெப்பம்' என்றால் பாதிதானே?

மடல் 5
மூன்றாம் மடல் எழுதியவனே மீண்டும். அம்மா சொன்ன கிணறுகளுக்குப் பெயர் தயார்: வெந்நீர்க் கிணறு, தண்ணீர்க் கிணறு. தண்+நீர் குளிர்ந்த நீர்தானே! 'சுடுதண்ணீர்' என்கிற நாம்தான் அதை மறந்துவிட்டோம்.

மடல் 6
எந்தக் கிணற்றிலும் தண்ணீர் இருக்கும் என்பதுதான் சிக்கல். இயற்பியலில் குளிர் தனிப்பொருள் இல்லை, வெப்பத்தை எடுத்துவிட்ட நிலை. ஆகவே 'வெப்பம்' போதும். 'சேமிப்பு'க்குப் பதில் 'தேக்கம்' என்று யாரும் சொல்லிவிட வேண்டாம், பொருளாதார மந்தம் ஒட்டிக்கொள்ளும். 'பருவ வெப்ப வைப்பு' என்பது என் கட்சி. முன்னால் 'ஆழ்துளை', 'நீர்த்தாங்கி' எதையும் சேர்க்கலாம். வங்கி வைப்பு எல்லாருக்கும் தெரியும். இங்கே வட்டி கிடையாது, பிடித்தம்தான்: மண்ணைச் சூடேற்றவே சில ஆண்டுகள் பிடிக்கும். ஒகோடோக்ஸில் சூடாக்கும் தேவையில் 90 விழுக்காட்டுக்கு மேல் வெயிலிலிருந்தே கிடைத்தது ஐந்தாம் ஆண்டில்.

மடல் 7
சரி, 'பருவ வெப்ப வைப்பு'க்கு மூன்று பேர், குதிருக்கு ஒருவர். முதல் இடத்தில் மட்டும் அடைப்புக்குறிக்குள் 'நிலத்தடிச் சேமிப்பு' என்று சேர்த்து அனுப்பிவிட்டேன்.

மடல் 8
வைப்புழிக்கு ஒரு வாக்கு விட்டுப்போயிற்று. 'பரு' வேர் பற்றிய மடல் நாளை வரும்.