ஹன்டிங் போட்டும் மூன்றாவது லைனில் மணி அடிப்பதில்லை

கேள்வி:
வீட்டோடு ஒட்டிய கிளினிக். ஒரே எக்ஸ்சேஞ்சிலிருந்து மூன்று காப்பர் லைன், முதல் எண்தான் பைலட், அதாவது எல்லோருக்கும் கொடுக்கும் எண். அது பிஸியானால் கால் அடுத்த காலி லைனுக்குத் தாவும்படி ஹன்டிங் போட்டிருக்கிறது. பைலட்டுக்குத் தனி போன். மற்ற இரண்டும் ஒரே டூ-லைன் போனில். முதல் லைனில் பேசும்போது வரும் கால் அடுத்ததற்குத் தாவுவதில்லை. மூன்றாவது அடித்ததே இல்லை. மூன்று லைனின் ஒயர் ஜோடியையும் ரோசெட் பெட்டியில் (போன் கார்டைச் செருகும் சுவர்ப் பெட்டி) சேர்த்து முறுக்கிவிடலாம் என்கிறார் எலக்ட்ரீஷியன். செய்யலாமா?

பதில்:
கூடவே கூடாது சார். ஒவ்வொரு ஜோடிக்கும் எக்ஸ்சேஞ்ச் தனித்தனியாகச் சுமார் 48 வோல்ட் டிசி தருகிறது. சேர்த்துவிட்டால் ஒரு ரிசீவரை எடுத்ததும் மூன்று லைனும் பிஸி. ஒரு ஜோடி தலைகீழாக விழுந்தால் ரிசீவரை எடுக்காமலே ஷார்ட். ஹன்டிங் எக்ஸ்சேஞ்சுக்குள் நடக்கிற வேலை.

முதல் ரிசீவரை எடுத்து வைத்து, டயல் டோன் இருக்கும்போதே மொபைலிலிருந்து பைலட்டுக்கு அடியுங்கள். பிறகு இரண்டாவதையும் எடுத்து ஹோல்டில் போட்டுவிட்டு அடியுங்கள். மொபைலில் என்ன கேட்கிறது?

கேட்டவர்:
முதல் சோதனையில் இரண்டாவது அடித்தது. அடுத்ததில் மொபைலில் ரிங் கேட்கிறது, இங்கே சத்தமே இல்லை. நிஜமாகப் பேசும்போது மட்டும் நடுவில் பீப் பீப் என்கிறது.

பதில்:
அப்படியானால் கோளாறு இரண்டு.

அந்த பீப் கால் வெயிட்டிங். பேச்சில் இருக்கும் லைனுக்கும் அது இன்னொரு காலை உள்ளே விடுவதால் எக்ஸ்சேஞ்சுக்கு அந்த லைன் பிஸியே ஆவதில்லை. ஹன்டிங்குக்கு வேலை வராது. வெறும் டயல் டோனில் கால் வெயிட்டிங் செயல்படாது, அதனால்தான் சோதனையில் தாவியது. முதல் இரண்டு லைனிலும் அதை எடுத்துவிடச் சொல்லுங்கள்.

மூன்றாவதில் எக்ஸ்சேஞ்ச் மணி அனுப்புகிறது, போனுக்கு வந்து சேரவில்லை. அறுந்த லைனும் எக்ஸ்சேஞ்சுக்குச் சும்மா இருக்கும் லைன் மாதிரிதான் தெரியும். ரோசெட்டில் மீட்டர் வையுங்கள். 48 பக்கம் காட்டினால் வெளி ஒயர் பெரும்பாலும் சரி. பூஜ்யம் என்றால் லைன்மேன்தான் வர வேண்டும்.

கேட்டவர்:
49 காட்டுகிறது. ஆனால் போனில் அந்த லைன் பட்டனை அழுத்தினால் டயல் டோன் இல்லை.

இன்னொரு பதில்:
போன் கார்டின் பிளக்கைப் பாருங்கள். உலோகக் கால் இரண்டுதான் இருந்தால் அது ஒரு லைனுக்கான கார்டு. டூ-லைன் போனில் ஒரு லைன் நடு இரண்டு காலில், மற்றது வெளி இரண்டில். நாலு கோர் (உள்ளே நாலு ஒயர் உள்ள) கார்டு வாங்கி, ரோசெட்டிலும் மூன்றாவது ஜோடியை வெளிக் கால்களுக்குப் போடுங்கள். பிறகு அந்த லைனிலிருந்து மொபைலுக்கு அடித்து, தெரிகிற எண் மூன்றாவதுதானா என்று பாருங்கள். டிபி பாக்ஸில் (வெளியே லைன்கள் பிரியும் பெட்டி) ஜோடி மாறியிருப்பது சகஜம்.

கேட்டவர்:
இரண்டு உலோகக் கால்தான்! மாற்றியதும் அடிக்கிறது, எண்ணும் சரி. யாரும் எடுக்காவிட்டாலும் தாவுமா?

பதில்:
தாவாது, சாதாரண ஹன்டிங் பிஸிக்கு மட்டும். அதற்கு 'நோ ரிப்ளை' ஃபார்வர்டிங் தனியாகப் போட வேண்டும். ஃபார்வர்ட் ஆகும் கால் உங்கள் பில்லில் ஏறலாம், பிளானைப் பாருங்கள். நம் ஊர் ரிங் ஒரு சுற்று 3 விநாடி, ஆகவே 15 விநாடி வைத்தால் ஐந்து முறை அடிக்கும். ஆன்சரிங் மெஷின் இருந்தால் கடைசி லைனில் மட்டும் இருக்கட்டும். வெளியே அடிப்பதற்கும் அதையே வையுங்கள், பைலட் காலியாக இருக்கும். ஆனால் அந்த எண்ணைப் பார்த்துத் திருப்பி அடிப்பவருக்கு, அது பிஸியாக இருந்தால், வரிசை ஹன்டிங்கில் மூன்றாவதோடு முடிந்து என்கேஜ்டு கேட்கும். கடைசியிலிருந்து மறுபடி முதல் லைனுக்கு வரும் சுற்று ஹன்டிங் கிடைக்குமா என்று அலுவலகத்தில் கேளுங்கள்.