கான்ட்ராஸ்ட் மேமோகிராம் எடுத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

எல்லோருக்கும் வணக்கம். என் அக்காவுக்கு 47 வயது. இடது மார்பில் சின்னதாக ஒரு கட்டி. மார்புத் திசு அடர்த்தியாக இருப்பதால் வழக்கமான மேமோகிராமில் (மார்பக எக்ஸ்ரே) தெளிவாகத் தெரியவில்லை. ஸ்கேனும் பார்த்துவிட்டு ரிப்போர்ட்டில் 'பைராட்ஸ் 4ஏ' (புற்று சந்தேகம் எவ்வளவு என்று தரம் பிரிக்கும் குறியீடு) என்று போட்டிருக்கிறார்கள். இந்த வகையில் நூற்றுக்கு 2 முதல் 10 வரைதான் புற்றுநோயாக இருக்கும் என்றார் டாக்டர். அந்தத் 'தான்' அக்கா காதில் விழவே இல்லை.

இப்போது கான்ட்ராஸ்ட் மேமோகிராம் எடுக்கச் சொல்கிறார்கள். எனக்குப் புரிந்தவரை, கை நரம்பில் அயோடின் மருந்தை ஏற்றி, சுமார் இரண்டு நிமிடம் கழித்து, இரண்டு வித எக்ஸ்ரே ஆற்றலில் படம் எடுத்து ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிப்பார்களாம். புற்றுக்கட்டி புதிதாக வளர்த்துக்கொள்ளும் ரத்தக் குழாய்கள் கசியும். மருந்து அங்கே தேங்கி வெளிச்சமாகத் தெரியும். ஆனால் ஃபைப்ரோஅடினோமா என்கிற, புற்றில்லாத சாதாரணக் கட்டிகூடச் சில சமயம் ஒளிருமாம், சில புற்றுகள் ஒளிராமலும் போகுமாம்! அப்படியென்றால் எப்படியும் பயாப்ஸி (கட்டியிலிருந்து துளி சதை எடுத்துச் சோதிப்பது) செய்யத்தானே வேண்டும்? நேராக அதற்கே போய்விடலாமா? இல்லை, வேறு இடத்தில் ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க இது தேவையா?

அப்புறம், அக்கா சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் அளவு சரியாகவே இருக்கிறது. அயோடின் மருந்து ஏற்றுவதால் மாத்திரையை நிறுத்த வேண்டுமா என்று கேட்க மறந்துவிட்டோம். இதற்குப் பதில் எம்ஆர்ஐ எடுக்கலாமென்றால், அந்தக் குழாய்க்குள் படுக்க மாட்டேன் என்று அக்காவுக்குப் பிடிவாதம் வேறு.

ரேடியாலஜி தெரிந்தவர்களோ, எடுத்த அனுபவம் உள்ளவர்களோ சொல்லுங்கள். மதுரைப் பக்கம் எங்கே எடுக்கலாம், செலவு எவ்வளவு ஆகும் என்றும் தெரிந்தால் நல்லது. வியாழக்கிழமை டாக்டரைப் பார்க்கப் போகிறோம்.