பேக் அடித்தால் பக்கத்துக்குப் பதில் ஜேசன் (வெறும் தரவு வடிவம்) வருகிறது. கிளையன்ட் ரெண்டரிங்குக்கு (பக்கத்தை பிரவுசரிலேயே கட்டுவதற்கு) மாறிவிடலாமா?

அவசரம்404: நாளைக்கு டெமோ, உதவுங்கள். பட்டியல் பக்கத்துக்கும் அதன் ஜேசனுக்கும் ஒரே யூஆர்எல்தான். பிரவுசர் கேட்டால் எச்டிஎம்எல், ஃபில்டரை மாற்றினால் ஃபெட்ச் (ஜாவாஸ்கிரிப்ட் அனுப்பும் கோரிக்கை) வழியாக ஜேசன். எந்த வடிவம் வேண்டும் என்று சொல்லும் அக்செப்ட் ஹெடரைப் பார்த்து சர்வர் அனுப்புகிறது. பட்டியலிலிருந்து ஒரு பொருளுக்குள் போய் பேக் அடித்தால் வெள்ளைத் திரையில் அடைப்புக்குறியும் மேற்கோளுமாக ஜேசன் கொட்டுகிறது. ரீலோட் செய்தால் சரியாகிவிடுகிறது. பேசாமல் எல்லாவற்றையும் கிளையன்டிலேயே ரெண்டர் செய்துவிடவா?

நிரல்வண்டு: எந்த பிரவுசர்? ஃபில்டர் மாறும்போது யூஆர்எல்லும் மாறுகிறதா? நடுவில் சிடிஎன் (பதில்களைச் சேமித்துத் தரும் இடைநிலை சர்வர்கள்) உண்டா? ரெஸ்பான்ஸ் ஹெடரை அப்படியே ஒட்டுங்கள்.

ஒருபக்கச்செயலி: மாறிவிடுங்கள் ப்ரோ. வெறும் எச்டிஎம்எல் கூடு, தரவுக்குத் தனியாக ஒரு ஏபிஐ. தலைவலியே இல்லை.

பழையசர்வர்: கேள்வியே தப்பு தம்பி. எந்த வடிவில் அனுப்புவது என்பது ஒன்று, எச்டிஎம்எல்லை எங்கே கட்டுவது என்பது வேறொன்று. இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்று இல்லை. எச்டிடிபி விதிகளைச் சொல்லும் ஆர்எஃப்சி 9110 வந்தது 2022-ல், ஒரு முறையாவது திறந்து பாருங்கள்.

நிரல்வண்டு: திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். என் சந்தேகம் கேஷ் (பிரவுசர் சேமித்து வைக்கும் பதில்கள்) மேல். ஒரே முகவரிக்குக் கடைசியாக வந்தது ஜேசன், பேக் அடித்ததும் பிரவுசர் அதையே எடுத்து நீட்டுகிறது. அக்செப்டைப் பொறுத்துப் பதில் மாறும் என்று கேஷுக்குச் சொல்லும் 'வேரி: அக்செப்ட்' ஹெடர் அனுப்புகிறீர்களா? இரண்டு பதிலிலும் இருக்க வேண்டும், ஜேசனில் மட்டும் போட்டால் போதாது.

மௌனவாசகன்: வேரி இருந்தாலும் சில சிடிஎன்கள் அதைக் கண்டுகொள்வதில்லை. ஜேசனுக்குத் தனி யூஆர்எல் கொடுத்துவிடுவதே நிம்மதி. முதல் பக்கம் சர்வரிலிருந்தே வரட்டும். லிங்க் பிரிவியூ எடுக்கும் பாட்கள் பெரும்பாலும் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டாது, காலிக் கூடுதான் அவற்றுக்குக் கிடைக்கும்.

பழையசர்வர்: ஒரே வளத்துக்கு இரண்டு முகவரியா? நன்றாக இருக்கிறது. பொருந்தாத அக்செப்ட் வந்தால் 406 (ஏற்கத்தக்க வடிவம் இல்லை என்ற பிழை) கொடுக்க வேண்டும் என்பதாவது தெரியுமா?

மௌனவாசகன்: கட்டாயமில்லை ஐயா. ஹெடரைப் பொருட்படுத்தாமல் இருப்பதை அனுப்பவும் நீங்கள் சொன்ன அதே 9110 இடம் தருகிறது.

பழையசர்வர்: இடம் தருகிறது என்றால் செய்தே ஆக வேண்டுமா?

ஒருபக்கச்செயலி: 406-ஐ நேரில் பார்த்தவர் யாராவது இங்கே உண்டா? 😀

அவசரம்404: குரோம். ஆமாம், யூஆர்எல்லும் மாறுகிறது, சொல்ல விட்டுப்போனது. வேரி இல்லவே இல்லை. இரண்டிலும் போட்டேன், இன்னும் ஜேசன்தான்.

நிரல்வண்டு: வேரி இல்லாமல் சேமித்த பழைய பதில் இன்னும் கேஷில் கிடக்கிறது. அதைக் காலி செய்துவிட்டுப் பாருங்கள். அப்படியே ஃபெட்சில் அக்செப்டை நீங்களே குறிப்பிடுகிறீர்களா என்றும் பாருங்கள். விட்டுவிட்டால் */* (எதுவானாலும் சரி) என்றுதான் போகும், ஜேசன்தான் வேண்டும் என்று சர்வருக்குத் தெரியாது.

அவசரம்404: வந்துவிட்டது! நன்றி. டெமோ முடிந்ததும் தனி யூஆர்எல்லுக்கு மாற்றுகிறேன்.

நிரல்வண்டு: சரி, சிடிஎன் உண்டா இல்லையா?

பழையசர்வர்: தனி யூஆர்எல் வேண்டாம் என்று சொன்னேனே.