கேசினோ மேலாளரை வில்லனாக எழுதுகிறேன், பயமே வரவில்லை. எங்கே இடிக்கிறது?

செக்காலை வாசகன்:

காரைக்குடிப் பக்கத்தை வைத்து ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். பர்மாவில் வட்டிக்கடை வைத்திருந்த குடும்பம். அதன் இன்றைய வாரிசு கானாடுகாத்தான் பூர்வீக வீட்டில் தன் பங்கைக் காட்டிக் கடன் வாங்கி, சிங்கப்பூர் கேசினோவில் ஆடுகிறான். வில்லன் அங்கே மேலாளர். மேசையில் ஆட்டம் நடத்தும் டீலராகச் சேர்ந்து படிப்படியாக ஏறியவன், அடுத்து மொத்தக் கேசினோவும் தன் பொறுப்பில் வரவேண்டும் என்று துடிக்கிறவன். ரூலெட் சக்கரத்தில் காந்தம் வைக்கிறான், சீட்டை மாற்றுகிறான், அடியாள் அனுப்புகிறான். என் மனைவி படித்துவிட்டு, "இவனைப் பார்த்தா பயமே வரலையே" என்றாள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. கேசினோ பக்கம் வேலை பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்களேன்.

தேவகோட்டை பழைய டீலர்:

தம்பி, முதலில் அந்தக் காந்தத்தைத் தூக்கிப் போடுங்கள். ஐரோப்பியச் சக்கரத்தில் 37 எண்கள். ஒரே எண்ணில் கட்டி ஜெயித்தால், கட்டிய பணத்தோடு மேலே கொடுப்பது 35 மடங்கு. அந்த வித்தியாசத்திலேயே கட்டுகிற ஒவ்வொரு நூறுக்கும் சராசரியாக 2.70 கேசினோவுக்கு நிற்கும். 38 எண் உள்ள அமெரிக்கச் சக்கரத்தில் 5.26. நேர்மையாக ஆட்டினாலே இவ்வளவு வரும்போது, லைசென்ஸைப் பணயம் வைத்துத் திருட எந்த மேலாளருக்குப் பைத்தியம்?

அவனுக்கு வேண்டியது உங்கள் கதாநாயகனின் நேரம். பக்காரா என்ற சீட்டாட்ட மேசையில் சுற்றுக்கு 200 டாலர், மணிக்கு 60 சுற்று, 5 மணி நேரம் என்று வையுங்கள். மொத்தம் கட்டியது 60,000. அதில் பிளேயர் என்ற பக்கத்திலேயே கட்டினால் கேசினோவுக்குச் சராசரியாக 1.24 சதவீதம், ஆக 744 டாலர் வரும் என்று கணக்கில் ஏறிவிடும். அன்றைக்கு அவன் ஜெயித்துக்கொண்டு போனாலும் சரி, ஏறுவது 744தான். அதில் ஒரு பகுதியைத்தான் இலவச அறை, சாப்பாடு, விமான டிக்கெட் என்று திருப்பித் தருவார்கள். ஜெயித்தவனை அடியாள் வைத்து அடிக்க மாட்டான் தம்பி. இன்னொரு ராத்திரி தங்கச் சொல்வான், அறைச் சாவியைத் தானே கொண்டுவந்து கொடுப்பான்.

அப்புறம் ஒன்று. டீலர் மேசையை விட்டு எழும்போது இரண்டு உள்ளங்கையையும் விரித்து, புறங்கையையும் திருப்பி மேலே இருக்கும் கேமராவுக்குக் காட்ட வேண்டும், கையில் சில்லு (பணத்துக்குப் பதிலாக மேசையில் வைக்கும் வில்லை) எதுவும் இல்லை என்று. எனக்கு இன்றும் கல்யாணப் பந்தியில் இலையை மூடிவிட்டு எழுந்தால் கை தானாக விரியும். உங்கள் வில்லன் டீலராக இருந்தவன்தானே? இதை அவனுக்குக் கொடுங்கள்.

கோட்டையூர் ஆச்சி:

எங்கள் ஐயா மலாயாவில் ஒரு வட்டிக்கடைக்கு மேலாளாக இருந்தவர்கள். போட்ட முதல் முழுக்க ஊரில் இருக்கும் முதலாளியுடையது. வேலை மூன்று வருடத் தவணைக்கு. தவணை முடிந்து ஐந்தொகை, அதாவது வரவு செலவு, சொத்து, கடன் எல்லாம் அடங்கிய கணக்கு, போட்டு அனுப்பினால்தான் மேலாளின் யோக்கியதை தெரியும், லாபத்தில் அவருக்கு உள்ளதும் வரும். அந்த வேலையில் ஆசை மிஞ்சியவர் என்ன செய்வார் என்று ஐயா சொல்லக் கேட்டிருக்கிறேன்: தவணை முடியும் நேரத்தில், திருப்பித் தர வக்கில்லாதவருக்கும் கடனைக் கொடுத்து ஏட்டில் வட்டியை ஏற்றிக் காட்டுவாராம்.

உங்கள் மேலாளரும் அடுத்தவர் பணத்தில் லாபம் காட்ட வேண்டியவன்தானே. கேசினோவுக்கு மூன்று மாதத்துக்கொரு கணக்கு. யாரோ ஒரு பெரிய கை ஜெயித்துவிட்டுப் போய், அந்தக் காலாண்டு அடி வாங்கியிருக்கட்டும். அங்கிருந்து தொடங்குங்கள்.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர்க் குடிமகனும் நிரந்தரவாசியும் கேசினோவுக்குள் போக 24 மணி நேரத்துக்கு 150 டாலர் கட்ட வேண்டும். 2019 வரை அது 100. அவர்களில் ஒரு லட்சம் டாலர் கணக்கில் போட்டு வைத்தவருக்குத்தான் கடனுக்கு ஆட அனுமதி. வெளிநாட்டுக்காரருக்கு இந்த இரண்டு தடையும் இல்லை. உங்கள் கதாநாயகன் வைத்திருப்பது இந்தியப் பாஸ்போர்ட். அவனுக்கு நுழைவும் இலவசம், கடனும் சட்டப்படியே கிடைக்கும். வில்லன் ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு அதுதான் வயிற்றைக் கலக்குகிறது.

செக்காலை வாசகன்:

ஆச்சி, அண்ணே, இரண்டு பேருக்கும் நன்றி. அடியாள் அத்தியாயம் முழுவதையும் எடுத்துவிட்டேன். அதற்குப் பதிலாக, கதாநாயகனுடைய அப்பச்சியின் (அப்பாவின்) அறுபதாம் கல்யாணத்துக்கு வில்லன் கானாடுகாத்தான் வருகிறான். முகப்பில் செருப்பைக் கழற்றிவிட்டு, பெரியவர்கள் காலில் விழுந்து கும்பிடுகிறான். வளவை, அதாவது வீட்டின் உள்முற்றத்தை, சுற்றி வந்து பர்மா தேக்குத் தூணைத் தட்டிப் பார்க்கிறான், இந்த வீட்டில் எத்தனை பங்கு என்று சித்தப்பாவிடம் பிரியமாக விசாரிக்கிறான். இது சரியாக வருமா? இவன் எதற்குத்தான் பயப்படுவான்?

தேவகோட்டை பழைய டீலர்:

நன்றாக வரும். பெரிய வாடிக்கையாளர் வீட்டு விசேஷத்துக்குப் போவதும் பிறந்தநாளை ஞாபகம் வைத்திருப்பதும் அந்தத் தொழிலில் சகஜம்தான்.

பயம் என்றால் கேமரா அறை. அது பொதுவாக மேலாளரின் கட்டுப்பாட்டில் இருக்காது, அதன் அறிக்கை நேரே மேலே போகும். தள்ளாடுகிற ஆளை நாற்காலியில் பிடித்து உட்கார வைத்து, கடன் சீட்டில் கையெழுத்து வாங்கியது பதிவாகியிருந்தால் அவனால் அதைத் தொடக்கூட முடியாது. இன்னொன்று, அங்கே குடும்பத்தாரே விண்ணப்பித்து ஒருவரைக் கேசினோவுக்குள் விடாதபடி உத்தரவு வாங்கலாம். கதாநாயகனுக்குச் சிங்கப்பூரில் குடியிருக்கும் மனைவி இருந்தால், தூணைத் தட்டுகிறவனை முதலில் கவனிப்பது அவளாக இருக்கட்டும்.

மொய் நோட்டில் அவன் பெயரையே எழுதச் சொல்லுங்கள். பில் மட்டும் கேசினோ கணக்கில் போகும்.