மனைவி ஜெர்மனியில் நர்ஸ். நானும் மகளும் கிளம்புகிறோம். மொழி வகுப்பு எனக்கும் கட்டாயமா?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:

வணக்கம். பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை எங்கள் ஊர். மனைவி ஷ்டுட்கார்ட்டில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். ஜெர்மன் மொழியை பி2 நிலை வரை (ஏ1, ஏ2, பி1, பி2 என்று படிப்படியாக ஏறும்) இங்கேயே படித்துவிட்டுப் போனாள். முதலில் உதவியாளர் வேலை, அதோடு சேர்த்து, இந்திய நர்ஸ் படிப்பை அங்கே ஏற்றுக்கொள்ளும் அங்கீகாரத்துக்கான படிப்பு. அது முடிந்து இப்போது முழு நர்ஸ். எனக்கும் முதல் வகுப்புப் படிக்கும் மகளுக்கும் குடும்ப விசா வந்துவிட்டது. ஓணம் முடிந்ததும் கிளம்புகிறோம்.

நான் தென்னந்தோப்புகளுக்குச் சொட்டுநீர்க் குழாய் போட்டுத் தருகிற தொழில் செய்கிறேன். வேலந்தாவளம் வழியாக பஸ் ஏறி கோயம்புத்தூர் போய் ஏ1 படித்தேன், பாஸ் ஆகிவிட்டது. ஆனால் அந்த ஏ1-ஐ வைத்து அங்கே யாரிடமாவது பேச முடியுமா என்றால், பெயரும் ஊரும் சொல்லலாம், அவ்வளவுதான்.

புதிதாக வருகிறவர்களுக்கு மொழியும் நாட்டைப் பற்றியும் சொல்லித்தர அங்கே அரசு நடத்தும் இன்டகிரேஷன் கோர்ஸ் 700 மணி நேரம் என்கிறார்கள். மனைவியோடு வேலை பார்க்கும் கோட்டயத்துக்காரர் ஒருவர், "சேட்டனுக்கு அதெல்லாம் வேண்டாம். ஃபேமிலி விசாவில் வந்த அன்றே வேலைக்குப் போகலாம். பி.ஆர். (நிரந்தரமாகத் தங்கும் அனுமதி) மனைவிக்குக் கிடைக்கும்போது கூடவே வந்துவிடும்" என்று சொல்லியிருக்கிறார். மனைவி போய் மூன்று வருடம் நெருங்குகிறது. அதனால் சீக்கிரம் பி.ஆர். கிடைக்கும் என்று வீட்டில் எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

அவர் சொல்வது சரிதானா? வகுப்புக்குப் போனால் சம்பாதிக்கிற நேரம் போகுமே என்ற கவலையும் இருக்கிறது. ஊரில் தோப்புக் கடன் பாக்கி இருக்கிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

வண்டித்தாவளம் அக்கா:

தம்பி, நானும் உங்க சித்தூர் தாலுகாதான். கணவர் முதலில் வந்து, பின்னால் குடும்ப விசாவில் வந்தவள். அந்த வகுப்பை முழுசாக முடித்து பி.ஆர். வாங்கியாச்சு. அதனால் தெரிந்ததை விவரமாகவே எழுதுகிறேன்.

கோட்டயத்துக்காரர் சொன்னதில் ஒன்று சரி. குடும்ப விசாவில் வருகிறவர் வேலை பார்க்கத் தடை இல்லை. மற்றது சரியில்லை. வெளிநாட்டவர் அலுவலகத்தில் உங்களுக்கு முதல் பர்மிட் (அங்கே தங்கும் அனுமதி) போடும்போது உங்களிடம் பி1 அளவு ஜெர்மன் இல்லையென்றால், கணவன் மனைவியோடு சேர வந்தவர் என்ற வகையில் இந்த வகுப்பு உங்களுக்குக் கட்டாயம். வகுப்பில் சேரச் சொல்லி கையில் ஒரு தாள் கொடுப்பார்கள். அதை அலமாரியில் வைத்துவிட்டு வேலைக்குப் போனவர்களை எனக்குத் தெரியும். பர்மிட் புதுப்பிக்கும்போது ஒவ்வொரு வருடமாகத்தான் நீட்டித்துக் கொடுத்தார்கள். வருடா வருடம் அதே வரிசை, அதே பயம்.

பி.ஆர். கூடவே வராது. அவங்களுக்குத் தனி, உங்களுக்குத் தனி. உங்க மனைவிக்குத் தொழில் தேர்ச்சி பெற்றவர் என்ற வகையில் மூன்று வருடமும் 36 மாத ஓய்வூதியச் சந்தாவும் வேண்டும். ஆனால் அந்த மூன்று வருடம் விமானம் இறங்கிய நாளிலிருந்து ஓடாது. அங்கீகாரம் கிடைத்து, நர்ஸ் என்ற தகுதியில் பர்மிட் போட்ட நாளிலிருந்துதான் ஓடும். உதவியாளராக இருந்த காலத்துக்கு வேறு வகைப் பர்மிட் இருந்திருக்கும். அவங்க பழைய பர்மிட் அட்டையை எடுத்து என்ன பிரிவு போட்டிருக்கிறது என்று இன்றைக்கே பார்க்கச் சொல்லுங்க. வீட்டில் எல்லோரும் நாள் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள் என்கிறீர்களே, அதனால் சொல்கிறேன்.

உங்களுக்குப் பொதுவழி என்றால் ஐந்து வருடம், 60 மாதச் சந்தா. இதில் நல்ல சலுகை ஒன்று உண்டு: சேர்ந்து வாழும் தம்பதியில் ஒருவர் சந்தா கட்டியிருந்தால் போதும். மனைவிக்கு முதலில் பி.ஆர். கிடைத்துவிட்டால் இன்னொரு வழியும் இருக்கிறது. நீங்க பர்மிட்டில் மூன்று வருடம் இருந்து, வாரம் 20 மணி நேரமாவது வேலையிலும் இருந்தால் கேட்கலாம். ஆனால் எந்த வழியில் போனாலும் பி1 உங்க பெயரில் இருக்கணும். நாட்டின் சட்டமும் சமூகமும் தெரியும் என்று காட்டணும். மனைவியின் சந்தா உங்களுக்குக் கைகொடுக்கும், மனைவியின் ஜெர்மன் கைகொடுக்காது.

700 மணி நேரம் என்றால் 45 நிமிடப் பாடங்கள். 600 மொழிக்கு, 100 அந்த நாட்டைப் பற்றி. 2022 ஆகஸ்டில் வந்த கட்டணப்படி பாடத்துக்கு 2.29 யூரோ, மொத்தம் 1,603. நூறு நூறு பாடமாகப் பிரித்துக் கட்டலாம். வாரம் 25 பாடம் என்று வைத்தால் ஏழு மாதத்துக்குள் முடியும். சேரும்போது ஒரு சின்னத் தேர்வு வைத்து எந்தப் பகுதியில் உட்காரலாம் என்று சொல்வார்கள். உங்களுக்கு ஏ1 இருப்பதால் முதலிலிருந்து தொடங்க வேண்டி வராமல் போகலாம்.

கடைசித் தேர்வில் கேட்பது, வாசிப்பது, எழுதுவது, பேசுவது எல்லாம் உண்டு. பி1 என்று சான்றிதழ் வர, பேச்சில் பி1 வந்தே ஆகணும். கூடவே எழுத்தில் வரணும், இல்லாவிட்டால் கேட்டல்-வாசிப்பில் வரணும். பேச்சுக்கு இருவர் இருவராக உட்கார வைப்பார்கள். எதிரே இருப்பவரோடு சேர்ந்து ஒரு காரியத்தைத் திட்டமிடணும். யார் என்ன வாங்குவது, எந்த நாள், எத்தனை மணிக்கு என்று. புத்தகத்தை மட்டும் படித்தவர்கள் தடுமாறுவது அங்கேதான். எங்க வகுப்பில் சிரியாக்காரப் பெண், உக்ரைன் பாட்டி, வியட்நாம் சமையல்காரர் என்று இருந்தார்கள். பொது மொழி ஜெர்மன் மட்டும்தான். தப்போ சரியோ அதில்தான் பேசி ஆகணும்.

எழுத்துப் பயிற்சியில் ஒருமுறை வீட்டு உரிமையாளருக்கு ஹீட்டர் சூடாகவில்லை என்று கடிதம் எழுதச் சொன்னார்கள். எந்தத் தேதியிலிருந்து, எந்த அறையில், வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது, இந்தத் தேதிக்குள் சரிசெய்யுங்கள் என்ற வரிசையில் எழுதணும். அந்தக் குளிர்காலத்திலேயே எங்க வீட்டு ஹீட்டர் நின்றுபோனது. நோட்டைத் திறந்து, பெயரையும் தேதியையும் மாற்றி, அப்படியே அனுப்பினேன். ஆள் வந்து வால்வை மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். அதுவரை வீட்டுக் கடிதம் எல்லாம் கணவர்தான் பார்ப்பார்.

நம்ம கேரளாவிலும் சாக்ஷரதா மிஷன் (அரசின் எழுத்தறிவு இயக்கம்) 2017-ல் பெரும்பாவூரில் 'சங்ஙாதி' என்று வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு மலையாளம் சொல்லித்தர ஆரம்பித்தது. ஜெர்மனியில் வகுப்பைப் பர்மிட்டோடு கட்டி வைத்திருக்கிறார்கள், அதுதான் வித்தியாசம். கட்டாயம் என்று கேட்டதும் கோபம் வரும். வரட்டும், ஆனாலும் முதல் வருடத்திலேயே முடித்துவிடுங்க. கிடங்கு வேலையில் நுழைந்துவிட்டால் வகுப்பு தள்ளிக்கொண்டே போகும்.

நெம்மாறை:

அக்கா சொன்ன சட்டமெல்லாம் சரி. ஆனால் எல்லோருக்கும் 700 மணி நேரம் வேண்டியதில்லை என்பது என் கருத்து. நான் முனிச்சில் புளூ கார்டில் (உயர்தகுதி வேலைக்கு வருகிறவர்களுக்கான பர்மிட்) இருக்கிறேன். எங்களுக்கு பி1 இருந்தால் 21 மாதத்தில் பி.ஆர்., ஏ1 மட்டும் என்றால் 27 மாதம். என் மனைவி பி1 தேர்வைத் தனியாக எழுதினாள். நாட்டைப் பற்றிய தேர்வையும் வகுப்பில் சேராமலே 25 யூரோ கட்டி எழுதினாள்.

அந்தத் தேர்வுக்குப் பயப்பட ஒன்றுமில்லை. 33 கேள்வி, 60 நிமிடம், நாலில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கணும். 15 சரியாக இருந்தால் வகுப்புச் சான்றிதழுக்குப் போதும், குடியுரிமைக்கு 17. மொத்தக் கேள்விகளும் இணையத்தில் திறந்தே கிடக்கின்றன: பொதுவானவை 300, நீங்கள் வசிக்கும் மாநிலத்தைப் பற்றி 10. ஓணம் வரை நேரம் இருக்கிறதே, கோயம்புத்தூரிலேயே தொடர்ந்து படித்து பி1 வாங்கிவிட்டு வந்தால் கட்டாயம் என்ற பேச்சே எழாது.

வண்டித்தாவளம் அக்கா:

நெம்மாறை சொல்லும் வழியும் உண்மையான வழிதான், மறுக்கவில்லை. ஆனால் உங்க மனைவி ஆபீஸ் சூழலில் பழகியவராக இருக்கலாம். இந்தத் தம்பி தோப்பில் நின்று வேலை பார்த்தவர். ஏ1-இலிருந்து பி1-க்குச் சில மாதத்தில், தொழிலையும் பார்த்துக்கொண்டு, பஸ்ஸில் போய்வந்து ஏறுவது பெரும்பாடு. முடிந்த வரை படித்துவிட்டு வரட்டும், மிச்சத்தை இங்கே வகுப்பில் முடிக்கட்டும். அந்த 310 கேள்வியை மனப்பாடம் செய்து பாஸ் ஆகலாம், சரி. வாடகை ஒப்பந்தம், வேலை நீக்க நோட்டீஸ், பள்ளிப் பெற்றோர் கூட்டம் என்று வரும்போது கேள்விக்கு நாலு விடை எழுதி யாரும் நீட்ட மாட்டார்கள்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:

இருவருக்கும் நன்றி. மனைவியிடம் அட்டையைப் பார்க்கச் சொன்னேன். அங்கீகாரத்துக்கு முன்னால் இருந்தது வேறு பிரிவுதான். அப்படியானால் இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். வருத்தம்தான், ஆனால் இப்போதே தெரிந்தது நல்லது. வகுப்புக்குப் போவது என்று முடிவு செய்துவிட்டேன். அவளுக்கு ஷிஃப்ட் வேலை. மகள் காலையில் பள்ளிக்குப் போய்விடுவாள். மாலை வகுப்பு எடுத்துக்கொண்டு பகலில் பகுதிநேர வேலை பார்க்கலாமா?

வண்டித்தாவளம் அக்கா:

மாலை வகுப்பு உண்டு தம்பி, ஆனால் வாரத்துக்குப் பாடம் குறைவு, முடிய ரொம்ப நாள் இழுக்கும். மனைவிக்கு மாலை ஷிஃப்ட் விழுகிற வாரம் மகளை யார் பார்ப்பது? மகள் பள்ளியில் இருக்கும்போதே நீங்களும் காலை வகுப்பில் இருங்க. வார இறுதியில் சில மணி நேர வேலை பார்த்தால் கடனுக்குக் கொஞ்சமாவது அனுப்பலாம். சொட்டுநீர் தெரிந்தவருக்குச் செடி நர்சரி, தோட்ட வேலை கிடைக்க வாய்ப்பு உண்டு, கேட்டுப் பாருங்க.

அந்தத் தாள் கையில் வந்த வாரமே ஒரு இடத்தோடு நிற்காமல் மூன்று நாலு மொழிப் பள்ளியில் பெயர் கொடுங்க. காத்திருப்புப் பட்டியல் இருக்கும். பாம்ஃப் (இந்த வகுப்புகளைக் கவனிக்கும் மத்திய அரசு அலுவலகம்) இணையதளத்தில் ஊரின் அஞ்சல் எண்ணைப் போட்டால் பக்கத்தில் எங்கெங்கே வகுப்பு நடக்கிறது என்று காட்டும். அதை உங்க மனைவி இப்போதே பார்த்து வைக்கலாம். ஏ1 சான்றிதழின் அசலைப் பெட்டியில் போடாமல் கைப்பையில் வைத்துக்கொண்டு வாங்க.