பெஸ்ஸா கார்க் கதவில் கீறல்: காப்புறுதியில் கேட்கலாமா, கைக்காசு போடலாமா?

ஆலை அலுவலகத் தங்கை, பெஸ்தாரி ஜெயா

வணக்கம். நான் இருப்பது பெஸ்தாரி ஜெயா. பெரியவர்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் சொல்வார்கள். 1917-இல் மலேசியாவிலேயே முதன்முதலாக வணிகத்துக்காகச் செம்பனை நட்ட தென்னமரம் தோட்டம் இந்தப் பக்கம்தான் இருக்கிறது. இன்றைக்கும் சாலையில் நமக்கு முன்னால் போவது பெரும்பாலும் குலை ஏற்றிய லோரிதான். அதனால் என் காடியின் (காரின்) போனட் முழுக்கச் சின்னச் சின்னக் கல் புள்ளிகள். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கேட்க வந்தது வேறு. போன வாரம் பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், காடியை ஓரமாக விட்டுவிட்டுக் காய்கறி வாங்கி வந்து பார்த்தால், இடது பின்கதவில் முழங்கை நீளத்துக்கு ஒரு கீறல். கைப்பிடிக்குக் கீழே சின்னதாக அமுங்கியும் இருக்கிறது. இடித்தவர் யார் என்று தெரியாது, ஒரு துண்டுச் சீட்டுகூட வைத்துவிட்டுப் போகவில்லை. அதற்கு முன்பே தம்பி வீட்டுக் கேட்டில் பின் பம்பரை உரசி வைத்திருந்தான். அவனுக்கு இன்னும் பி லைசென்ஸ்தான், புதிதாக ஓட்டுபவர்களுக்குத் தருவது.

காடி பெரோடுவா பெஸ்ஸா, வெறும் வெள்ளை நிறம். ஃபர்ஸ்ட் பார்ட்டி காப்புறுதி, அதாவது என் காடியின் சேதத்துக்கும் சேர்த்து எடுத்தது. என்சிடி, அதாவது இழப்பீடு கேட்காமல் இருந்தால் பிரிமியத்தில் தரும் கழிவு, இப்போது 38.33 விழுக்காடு. அடுத்த மாதம் ரோட் டேக்ஸோடு சேர்த்துப் புதுப்பிக்க வேண்டும்.

இங்கே ஒரு கடையில் கதவும் பம்பரும் சேர்த்து 450 வெள்ளி (ரிங்கிட்) என்றார்கள். வேறொரு ஊர் வொர்க்‌ஷாப்பில், "காப்புறுதியில் போடும்மா, எல்லாம் ஒரே விபத்து என்று ரிப்போர்ட் செய்துவிட்டு வா, முழுக் காடியையும் புதுசு மாதிரி ஆக்கித் தருகிறேன், நீ ஒரு காசும் கட்ட வேண்டாம்" என்றார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. இதற்கிடையில் "கீறல் பாதுகாப்புத் திட்டம்" என்று ஒருவர் ஃபோன் செய்துகொண்டே இருக்கிறார். இங்கிலாந்தில் இருக்கும் என் அக்காவும், அங்கே சின்னக் கீறலுக்கென்றே தனிக் காப்புறுதி இருக்கிறது, அவள் எடுத்திருக்கிறாள் என்கிறாள். நம் நாட்டில் அப்படி எடுப்பது நல்லதா? இந்த 450 வெள்ளியை நான் எப்படிப் பார்க்க வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

காப்புறுதி முகவர், கோல சிலாங்கூர்

தங்கச்சி, முதலில் அந்த "எல்லாம் ஒரே விபத்து" பேச்சை விட்டுவிடுங்கள். கதவில் பட்டது ஒரு சம்பவம், பம்பரில் பட்டது இன்னொன்று. இரண்டையும் ஒன்றாக்கிக் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தால் அது பொய் ரிப்போர்ட். கையெழுத்துப் போடுவது நீங்கள், வொர்க்‌ஷாப்காரர் இல்லை. சேதத்தைப் பார்க்க வரும் அட்ஜஸ்டருக்கு உரசல் எந்த உயரத்தில், எந்தத் திசையில் இருக்கிறது, எந்த நிறம் ஒட்டியிருக்கிறது என்று பார்த்தாலே இரண்டும் வேறு என்று தெரிந்துவிடும். இப்படிப்பட்ட ஆட்களை நம்பிப் போகிற பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது.

இப்போது கணக்கு. ஃபர்ஸ்ட் பார்ட்டியில் கீறலுக்குக் கேட்க முடியுமா என்றால், முடியும். யாரோ இடித்துவிட்டுப் போனதும் சரி, வேண்டுமென்றே சாவியால் கீறியதும் சரி, சேதம்தான். ஆனால் உங்கள் பாலிசியில் நீங்களே கேட்டால், புதுப்பிக்கும்போது என்சிடி பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். தனியார் காடிக்கு அது 25, 30, 38.33, 45, 55 என்று வருஷா வருஷம் ஏறுகிறது. நீங்கள் கேட்காமல் இருந்தால் அடுத்த மாதம் 45, அடுத்த வருஷம் 55, பிறகு 55-லேயே நிற்கும். கேட்டால் 0, 25, 30, 38.33, 45 என்று மறுபடி அடியிலிருந்து ஏற வேண்டும். அடிப்படைப் பிரிமியம் 1,000 வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வருஷம் 450 வெள்ளி கூடுதலாகக் கட்டுவீர்கள். அப்புறம் 300, 250, 166.70, 100. மொத்தம் 1,266.70 வெள்ளி. காடியின் மதிப்பு இறங்க இறங்கப் பிரிமியமும் கொஞ்சம் குறையும்; அதனால் நிஜத்தில் இதைவிடச் சற்றுக் குறைவாக வரலாம். ஆனாலும் கதவுக்கு ஆகும் செலவு அதன் பக்கத்தில்கூட வராது. முதல் வருஷ இழப்பு மட்டுமே உங்கள் 450-ஐத் தின்றுவிடுகிறது, பாருங்கள்.

தம்பி உரசியதற்குக் கேட்கவே வேண்டாம். பி லைசென்ஸ்காரர் ஓட்டினாலோ, 21 வயதுக்குக் குறைந்தவர் ஓட்டினாலோ, பாலிசியில் பெயர் இல்லாதவர் ஓட்டினாலோ, முதல் 400 வெள்ளியை நீங்களே ஏற்க வேண்டும் என்று பொதுவாக எழுதியிருக்கும். உங்கள் 450-இல் பம்பருக்கு 200 வெள்ளி போலத்தான் வரும், அப்புறம் கேட்க என்ன மிஞ்சும்?

ஃபோனில் வரும் திட்டத்தைப் பற்றி. காப்புறுதி என்று சொல்லி விற்கும் நிறுவனத்துக்கு நம் மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் உரிமம் வேண்டும். உரிமம் உள்ள நிறுவனங்களின் பட்டியல் பேங்க் நெகாரா இணையதளத்தில் இருக்கிறது. பெயரைக் கேட்டு அதில் தேடுங்கள். கார் கடைகளில் விற்கும் கோட்டிங்குக்கு வாரண்டி தருவார்கள். அது காப்புறுதி ஆகாது, யாரோ இடித்தால் அதில் ஒன்றும் கிடைக்காது. உங்கள் அக்கா சொல்வது உண்மைதான். இங்கிலாந்தில் அதை ஸ்மார்ட் ரிப்பேர் காப்புறுதி என்பார்கள். பெரும்பாலும் கார் வாங்கும்போதே டீலர் சேர்த்து விற்பது. முக்கியக் காப்புறுதியிலிருந்து தனியாக இருப்பதால் அங்கேயுள்ள என்சிடியைத் தொடாது. ஆனால் அதிலும் எல்லை உண்டு. கீறல் 30 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனை போடுவார்கள். கண்ணாடி, விளக்கு எல்லாம் பொதுவாகச் சேராது. அங்கே கூலி அதிகம், அதனால் அவர்களுக்கு அது பொருந்துகிறது. நம் ஊர்க் கடையில் ஒரு கதவு அடிக்கும் கூலிக்கு வருஷா வருஷம் தனியாகப் பணம் கட்டுவது வீண் என்பேன்.

பெயிண்ட் கடைக்காரன், ஈஜோக்

முகவர் அண்ணன் கணக்கைச் சொல்லிவிட்டார். நான் கதவைப் பற்றிச் சொல்கிறேன்.

நகத்தைக் கீறலின் குறுக்கே மெதுவாக இழுத்துப் பாருங்கள், தங்கச்சி. நகம் மாட்டாமல் வழுக்கிப் போனால் அடி மேல் பூச்சோடு, அதாவது கிளியர் கோட்டோடு நின்றுவிட்டது. பாலிஷ் போட்டாலே பெரும்பாலும் மறையும், ஸ்ப்ரே தேவையில்லை. நகம் மாட்டினால் நிறம் வரை போயிருக்கிறது. சாம்பல் நிறம் தெரிந்தால் பிரைமர், பளபளவென்று தகரம் தெரிந்தால் அதற்கும் கீழே. தகரம் தெரிகிற கதவைத் தள்ளிப்போடாதீர்கள். நம் பக்கத்து மழையில் ஓரமாகத் துரு பிடித்து, பெயிண்டுக்கு அடியிலேயே பரவும். வெளியே கொப்பளம் மாதிரி வரும்போது வேலை இரண்டு மடங்காகியிருக்கும். பம்பர் பிளாஸ்டிக், துருப்பிடிக்காது, ஆறு மாதம் கழித்துச் செய்தாலும் ஒன்றும் ஆகாது. பணம் இறுக்கமாக இருந்தால் கதவை முதலில் செய்யுங்கள்.

அமுங்கின இடத்தில் பெயிண்ட் வெடிக்காமல் இருந்தால் உள்ளேயிருந்து கம்பியால் தள்ளி எடுக்கலாம். உங்களுக்குக் கீறலும் அமுங்கலும் ஒரே கதவில் இருப்பதால் தட்டி, புட்டி போட்டு, அடிப்பதுதான் வழி. வெறும் வெள்ளை என்பது உங்கள் நல்ல நேரம். முத்து வெள்ளையோ மெட்டாலிக்கோ என்றால் நிறம் பிசகாமல் இருக்கப் பக்கத்துப் பேனலிலும் லேசாக இழுத்து அடிக்க வேண்டியிருக்கும், கூலி ஏறும். என் கடையில் ஒரு கதவு 250 வெள்ளி, பம்பர் 200. உங்களுக்குச் சொன்ன 450 நியாயமான விலைதான். ஹார்டனர் கலந்து அடிக்கும் 2கே பெயிண்டா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். மலிவான பெயிண்ட் அடித்தால் கொஞ்ச நாளில் மங்கிப்போகும்.

இன்னொன்று. செம்மண் தூசி படிந்த காடியைக் காய்ந்த துணியால் துடைக்கிறீர்களா? தோட்டத்துக் காடிகளில் நான் பார்க்கும் கோடுகளில் பாதி அப்படி வருவதுதான். முதலில் தண்ணீர் அடித்து மண்ணை இறக்குங்கள், அப்புறம் கையை வையுங்கள்.

லோரி ஓட்டுநர், புக்கிட் ரோத்தான்

பாசார் மாலாம் மாதிரி யார் என்று தெரியாத இடியில் வேறு வழியில்லை. ஆனால் இடித்தவர் யார் என்று தெரிந்தால் கதையே வேறு, அதை யாரும் சொல்லவில்லையே. என் மனைவியின் மைவி காடியைச் சிக்னலில் ஒருவர் பின்னால் இடித்தார். "இருநூறு வெள்ளி தருகிறேன், விட்டுவிடுங்கள்" என்றார். நாங்கள் எண் பலகையையும் அவருடைய ரோட் டேக்ஸையும் படம் எடுத்துக்கொண்டு அன்றைக்கே ரிப்போர்ட் செய்தோம். 1987-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி 24 மணி நேரத்துக்குள் செய்ய வேண்டும். போலீஸ் விசாரணையில் தவறு அவர் பக்கம் என்று வந்தது. தவறு மற்றவர் பக்கம் என்றால் நம் நிறுவனத்திடமே கேட்கும் ஓடி-கேஎஃப்கே என்ற முறையில் எங்கள் காப்புறுதியிலேயே கேட்டோம். என்சிடி ஒரு விழுக்காடுகூடக் குறையவில்லை. பம்பருக்குள்ளே கிளிப்பெல்லாம் உடைந்திருந்தது அவிழ்த்த பிறகுதான் தெரிந்தது. அந்த இருநூறை வாங்கியிருந்தால் மீதியை நாங்கள்தான் கட்டியிருப்போம்.

ஆலை அலுவலகத் தங்கை, பெஸ்தாரி ஜெயா

எல்லோருக்கும் நன்றி. நகம் மாட்டுகிறது, ஒரு இடத்தில் தகரமும் தெரிகிறது. இந்தச் சனிக்கிழமை கதவை விடப்போகிறேன், போனஸ் வந்ததும் பம்பர். தம்பியும் பாதி தருகிறேன் என்கிறான். முகவர் அண்ணே, ஒன்று கேட்கிறேன். லோரியிலிருந்து கல் தெறித்து முன் கண்ணாடி விரிந்தால் அதற்கும் என்சிடி போய்விடுமா? எனக்கு உண்மையான பயம் அதுதான். தினமும் காலையில் ஆலைச் சாலையில் லோரிக்குப் பின்னால்தான் போகிறேன்.

காப்புறுதி முகவர், கோல சிலாங்கூர்

கண்ணாடிக்குத் தனியாகச் சேர்த்து எடுத்திருந்தால் போகாது. புதுப்பிக்கும்போது "விண்ட்ஸ்கிரீன்" என்று கேட்டுச் சேருங்கள். பொதுவாகக் கண்ணாடியின் மதிப்பில் 15 விழுக்காடு வரும், 800 வெள்ளி கண்ணாடிக்கு 120 வெள்ளி. மதிப்பைக் குறைத்துப் போடாதீர்கள், மாற்றும்போது மீதி உங்கள் கையிலிருந்து போகும். ஒரு முறை கேட்டுவிட்டால் அது முடிந்தது, மறுபடி பணம் கட்டிப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். உங்கள் வேலை இருக்கும் சாலைக்கு இது கட்டாயம் எடுக்க வேண்டிய ஒன்று. புதுப்பித்த பிறகு பாலிசித் தாளில் 45 என்று விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகமாக இருந்தால் மைகார்இன்ஃபோ தளத்தில் எண் பலகையைப் போட்டு என்சிடியைச் சரிபார்க்கலாம்.

பெயிண்ட் கடைக்காரன், ஈஜோக்

கதவை வாங்கப் போகும்போது வெயிலில் போங்கள், தங்கச்சி, மாலை மங்கலில் வேண்டாம். காடிக்கு நேராக நின்று பார்க்காமல் பின்னாலிருந்து சாய்வாகப் பாருங்கள், புட்டி அலை அலையாக இருந்தால் அப்போதுதான் தெரியும். ரப்பர் ஓரங்களில் வெள்ளைத் தூள் படிந்திருந்தால் அங்கேயே துடைக்கச் சொல்லுங்கள். ஒரு மாதத்துக்கு அந்தக் கதவில் வேக்ஸ் போட வேண்டாம்.