எடை குறைப்பு ஊசி: 5 மி.கி.யில் தராசு முள் நகரல, டோஸ் ஏத்தணுமா?

பாளை வாசி:
மதினி மவுன்ஜாரோ போடுதாவ. 2.5-ல் நாலு வாரம், பெறவு 5 மி.கி. 94 கிலோவுல இருந்து 87 வரைக்கும் வந்துட்டு. இப்போ ஒரு மாசமா அரைக் கிலோ ஏறுது, இறங்குது, அவ்வளவுதான். குவிக்பென் (பேனா மாதிரி ஊசி), வயித்துலதான் போடுதாவ. சுகர் உண்டு, கிளிமிபிரைடு மாத்திரையும் எடுக்காவ. பசி திரும்பி வாரதா சொல்லுதாவ. டாக்டர்ட்ட 7.5-க்கு ஏத்தச் சொல்லிக் கேக்கலாமா, இல்ல முதல்ல வேற எதையும் பாக்கணுமா?

தென்காசி மருந்துக்கடை:
மருந்து முழுசா உள்ள போகுதான்னு பாருங்க அண்ணாச்சி. குவிக்பென்ல ஒவ்வொரு தடவையும் புது ஊசி மாட்டி, பிரைம் பண்ணி (காத்து போக கொஞ்சம் மருந்தை வெளிய தள்ளி), நுனியில மருந்து வாரதப் பாத்த பெறவுதான் குத்தணும். பட்டனை அமுக்கி, மெதுவா அஞ்சு எண்ணின பெறவு உருவணும். ரெண்டு எண்ணுறதுக்குள்ள உருவினா தோல் மேல ஈரம் நிக்கும். அந்த ஈரமும் டோஸ்ல ஒரு பங்குதான். ஊசியைக் கழட்டாம பென்னை மூடி வச்சா மருந்து கசியும், காத்தும் நுழையும். ஒரே இடத்துல குத்திக்கிட்டே இருந்தா அங்க தடிச்சிரும், மருந்து சரியா ஏறாது. வயிறு, தொடைன்னு வாரம் ஒரு இடமா மாத்தணும்.

அடுத்தது சூடு. பிரிட்ஜ்ல 2 முதல் 8 டிகிரிக்குள்ள இருக்கணும். பென்னைத் தொடங்கின பெறவு 30 டிகிரிக்குள்ள 30 நாள் வெளிய வைக்கலாம்னு அட்டையில போட்டிருக்கும். நம்ம ஊரு சித்திரை வெயில்ல எந்த அலமாரி 30 டிகிரிக்குள்ள நிக்கும்? பிரிட்ஜ்லயே நடுத்தட்டுல வைங்க. கதவுலயும் வேண்டாம், பிரீசரை ஒட்டியும் வேண்டாம். ஒரு தடவை உறைஞ்ச மருந்து, உருகினாலும் குப்பைக்குத்தான்.

வயல், அதாவது மருந்துக் குப்பி, வாங்குறவியளுக்கும் ஒண்ணு. ஒரு டோஸ் 0.5 மி.லி. யூ-100 இன்சுலின் சிரிஞ்சுல அது 50 யூனிட், யூ-40-ல 20 யூனிட். யூ-40 கணக்கை மனசுல வச்சு யூ-100-ல 20 இழுத்தா, 5 மி.கி. வயல்ல 2 மி.கி.தான் உள்ள போகும். எடை நின்னதுக்கு வேற காரணமே தேட வேண்டாம்.

பாளை உணவியல்:
தம்பி, முதல்ல இது உண்மையிலேயே தேக்கமான்னு தெரியணும். மலச்சிக்கல், உப்பு, மாதவிலக்கு, இதுல எதுனாலயும் ஒண்ணு ரெண்டு கிலோ ஆடும். தினமும் காலையில கக்கூஸ் போய்ட்டு வந்ததும் எடை பாத்து, வாரச் சராசரியை எழுதச் சொல்லுங்க. தொப்புள் மட்டத்துல இடுப்பளவும் எடுங்க. சராசரி ஆறு வாரம் அசையாம, இடுப்பும் குறையாம இருந்தாத்தான் தேக்கம்.

இந்த ஊசியில கட்டிச் சாப்பாடு நாலு வாயில தெகட்டிரும், ஆனா திரவம் தடையில்லாம இறங்கும். கருப்பட்டிக் காப்பி, சர்பத், ஜூஸ், சொதி (தேங்காப்பால் குழம்பு) எல்லாம் அப்படித்தான். சொதியில முதப்பால் ஊத்துற கையை யாரும் அளக்குறதில்ல. எண்ணெயைக் கணக்குப் பாருங்க: ஆளுக்கு மாசம் ஒரு லிட்டர்னா நாளைக்கு 270 கலோரி அதுல மட்டும். அதைப் பாதியாக்கினாலே பெரிய விஷயம். அல்வாவை நான் விலக்கச் சொல்றதில்ல, கால் கிலோ பொட்டலமா வீட்டுக்குள்ள வர வேண்டாம்.

புரதம் குறைஞ்சா கொழுப்போட தசையும் போகும், உடம்பு எரிக்கிற கலோரியும் இறங்கும். ரெண்டு இட்லி சட்னியில நாலு கிராம் புரதம் கிடைச்சா அதிகம். சிறுநீரகம் நல்லா இருந்தா நாளைக்கு 70 கிராம் வரைக்கும் போகலாம். ஒரு முட்டை 6 கிராம், 100 கிராம் சாளை மீன் 20-க்குக் கிட்ட. தட்டுல மீனை முதல்ல சாப்பிட்டுட்டு, சோத்தைக் கடைசியில தொடச் சொல்லுங்க. நடை மட்டும் போதாது. வாரம் ரெண்டு மூணு நாள் நாற்காலியில உக்காந்து எந்திரிக்கிறது, சுவர்ல கை ஊனித் தள்ளுறதுன்னு தசைக்கு வேலை வேணும்.

ராதாபுரம் காத்து:
எல்லாரும் கிளிமிபிரைடை விட்டுட்டிய. இந்த ஊசியோட அது சேர்ந்தா சுகர் தாழும். தாழ்ந்தா கை நடுங்கும், பசிக்கும், மனுசன் சீனியைத் தேடுவான். மதினி சொல்ற பசி இதுவாக்கூட இருக்கலாம். பசிக்கிற நேரத்துல சுகரைக் குத்திப் பாருங்க. 70-க்குக் கீழ இருந்தா உடனே இனிப்பு குடுங்க, டாக்டருக்கும் அன்னைக்கே போன் போடுங்க. மாத்திரையைக் குறைக்கிறது அவிய முடிவு. நீங்களா நிறுத்தாதிய. தைராய்டு பாத்து நாளாச்சுன்னா டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனையும் எடுத்திருங்க.

மத்தபடி 7.5 கேக்கதுல தப்பே இல்ல. 5-ல நாலு வாரம் தாண்டினா 2.5 கூட்டலாம், உச்சம் 15. சுகர் உள்ளவங்களுக்கு எடை மெதுவாத்தான் இறங்கும். சுகர் உள்ளவங்களுக்கு இந்த மருந்தைக் குடுத்துப் பாத்த சர்மவுண்ட்-2 ஆய்வுல 72 வாரத்துல 10 மி.கி.க்கு 12.8 சதவீதம் எடை குறைஞ்சுது, 15 மி.கி.க்கு 14.7. சுகர் இல்லாதவங்களை எடுத்த சர்மவுண்ட்-1-ல 15 மி.கி.க்கு 20.9. மதினி இப்பவே ஏழு சதவீதத்தைத் தாண்டிட்டாவ, பக்கத்து வீட்டுக் கணக்கோட ஒப்பிட வேண்டாம். ஏத்தின பெறவு மேல்வயித்து வலி முதுகுக்குப் பாஞ்சு நிக்காம வாந்தி வந்தா, அடுத்த ஊசி போடாம நேரா ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க. கணைய வீக்கமா இருக்கலாம்.

பாளை வாசி:
பென்ல ஊசியைக் கழட்டாமத்தான் வச்சிருக்காவ, இப்பத்தான் கேட்டேன். இன்னொண்ணு, அடுத்த வாரம் ஊசி நாள்ல திருச்செந்தூர்ல இருப்போம். தவறினா?

தென்காசி மருந்துக்கடை:
நாலு நாளைக்குள்ளன்னா வந்ததும் போடலாம், அதைத் தாண்டினா அந்த டோஸை விட்டுட்டு வழக்கமான நாள்ல போடுங்க. ரெண்டு ஊசிக்கு நடுவுல 72 மணி நேரம் கட்டாயம் வேணும். கையில கொண்டு போறதா இருந்தா பென்னைத் துணியில சுத்தி ஐஸ் பையில வைங்க, ஐஸ் நேரடியாத் தொடக் கூடாது.